கறை என்று எழுதினேன்

பிப்ரவரி 3, திங்கள்

நகங்களை ஒட்ட வெட்டியாகிவிட்டது. மோதிரம் இல்லாததால் கழற்றும் வேலை மிச்சம். சிஸ்டர் ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்த்தார். என் முறை வந்தபோது "எழுதுற கை" என்று மட்டும் சொன்னார். பாராட்டா, குறையா, தெரியவில்லை. பதினாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை. அச்சகம் மூடியபின் ஏழு மாதமாக அண்ணன் வீட்டில் பாத்திரம் துலக்கும் கை.

சிஸ்டர் முன்பு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். இப்போது இந்த மசாஜ் பள்ளியின் ஒரே ஆசிரியை. இரண்டாவது மாடி, ஆறு மேசை, பன்னிரண்டு பெண்கள். இன்று ஜோடி பிரித்தார். இங்கே ஒரு விதி இருக்கிறது. தேர்வுக்கு உட்காரும் முன் ஒரே உடலில் அறுபது மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். "பத்துப் பேரைத் தொட்டா ஒருத்தரையும் தெரியாது. ஒருத்தரை முழுசாத் தெரிஞ்சுக்கோங்க." நடுவில் ஜோடி போய்விட்டால் முதலில் இருந்து.

எனக்கு வாய்த்தவர் கண்டக்டர் அக்கா. வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். ஏன் இந்த வகுப்பு என்று கேட்டேன். "இருபத்தாறு வருஷம் கண்டவனெல்லாம் என்னை இடிச்சான். இனிமே நான் அமுக்கப் போறேன்" என்றார். நான் படித்த படிப்பைக் கேட்டுவிட்டு அங்கேயே எனக்குப் பெயரும் வைத்துவிட்டார். காலேஜ்.

பிப்ரவரி 6

மேசையின் உயரம் என் விரல் முட்டிகளுக்குச் சமமாக இருக்க வேண்டும். பலம் கட்டைவிரலில் இல்லை, ஊன்றி நிற்கும் காலில் இருக்கிறது. எண்ணெயை உடம்பில் ஊற்றாதே, உன் உள்ளங்கையில் ஊற்றிச் சூடாக்கு. தடவலோ பிசைதலோ, எப்போதும் இதயத்தை நோக்கி. எலும்பின்மேல் அழுத்தாதே. முழங்காலின் பின்பள்ளத்தில் அழுத்தவே அழுத்தாதே. ஒரு கையை எடுக்கும்போது மற்றது உடம்பின்மேல் இருக்கட்டும். கண் மூடிக் கிடப்பவருக்கு நீ எங்கே போனாய் என்ற பயம் வரக்கூடாது.

வேலைக்கு முன் ஒரு தாள். முன்னும் பின்னுமாக இரண்டு மனித உருவங்கள் அச்சிட்டது. பார்த்ததை அதில் குறிக்க வேண்டும். சிஸ்டர் சொன்னது: "நமக்குக் கை இருக்கு, டாக்டர் பட்டம் இல்ல. வியாதிக்குப் பேர் வைக்காதீங்க. பார்த்ததை அப்படியே எழுதுங்க." தோலில் புண், கட்டி, புதுப் புள்ளி என்று எழுதினால் டாக்டர் கடிதம் வரும்வரை அந்த உடலை யாரும் தொடக்கூடாது.

பிப்ரவரி 10

இன்று நான் படுத்தேன், கண்டக்டர் அக்கா செய்தார். தோள்பட்டைக்குக் கீழே ஏதோ ஓர் இடத்தில் அவர் உள்ளங்கை நின்றது. அவ்வளவுதான். அழுகை வந்துவிட்டது. கடைசியாக என்னை ஒருவர் அவசரமில்லாமல் தொட்டது எப்போது? கணவர் பிரிந்து போய் ஒன்பது வருடம். அவர் இருந்தபோதும் அவசரம்தான்.

அக்கா கையை எடுக்கவில்லை. "என்ன காலேஜு, கண்ணுல எண்ணெய் பட்டுடுச்சா?" என்றார். நான் குப்புறக் கிடந்தேன். கண்ணில் எப்படி எண்ணெய் படும்? ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 13

முதியோர் இல்லத்தின் மேலாளர் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜூன் முதல் தேதிக்குள் சான்றிதழ் இருந்தால் அங்கே மசாஜ் வேலை எனக்கு. வேலையோடு மேல்மாடியில் ஓர் அறை. கூட்டிப்போய்க் காட்டினார். கட்டில், ஒரு ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டுத் திறந்து பார்த்தேன். மேலாளர் அம்மா சிரித்தார்.

அண்ணன் வீட்டில் நான் படுப்பது ஹாலில். அண்ணி நல்லவள்தான். காலையில் மட்டும், "அவ எழுந்துட்டாளா பாருங்க, டிவி போடணும்" என்பாள். அதில் தப்பில்லை. டிவி ஹாலில்தானே இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

பாதம் தொடங்கியது. கண்டக்டர் அக்காவின் பாதங்கள் பலகை மாதிரி இருக்கின்றன. இருபத்தாறு வருடம் ஓடும் வண்டியில் நின்ற பாதம். இடது குதிகாலில், உள்பக்க ஓரத்தில், ஒரு கறுப்பு. கட்டைவிரல் நகத்தின் அளவு. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

"என்னடி, கூசுது."

"செருப்புச் சாயம் ஒட்டுதாக்கா?"

"கறுப்புச் செருப்புதான். மழையில நனைஞ்சா சாயம் விடும்."

போன வாரம் மழையே இல்லை.

தாளை எடுத்தேன். இடது குதிகாலில் ஒரு சிறு வட்டம் போட்டேன். பக்கத்தில் 'கறை' என்று எழுதினேன். கறைக்குக் கடிதம் தேவையில்லை.

பிப்ரவரி 18

நேற்று நான் அதை எழுதியபோது சிஸ்டர் நான்கு எட்டு தூரத்தில்தான் நின்றிருந்தார்.

மார்ச் 3

நல்ல நாள். பிசைதல் பிடிபட்டுவிட்டது. சதையைக் கிள்ளாமல் அள்ளி, நழுவவிட்டு, மறு கையால் வாங்குவது. "மாவு பதமா வந்துடுச்சு" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல். பக்கத்து மேசைக்காரி சிரித்துச் சிரித்து எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

பாதம் செய்யும்போது விளக்கு என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொண்டேன்.

மார்ச் 13

கறை போகவில்லை. கறை என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன், நாட்குறிப்பிலும்கூட. யாருக்காக?

ஒரு பக்கம் மை கொட்டினாற்போல் ஓரம் கலைந்திருக்கிறது. நடுவில் கறுப்பு, ஓரத்தில் பழுப்பு. போன மாதத்தைவிடப் பெரிதா? அளந்திருந்தால் அல்லவா தெரியும். அளக்கவில்லை. வாரக் கடைசியில் சிஸ்டர் தாள்களைக் கட்டாக வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். அவர் வாசிப்பதில்லை. படித்த பெண், ஒழுங்காக எழுதுவாள் என்ற நம்பிக்கை.

மார்ச் 20, வியாழன்

இன்றைய பாடம் தோல். பாடத்திட்டத்தில் ஏழாவது வாரம். சிஸ்டர் படங்களைச் சுவரில் ஒட்டினார். இரண்டு பாதியும் ஒன்றுபோல இல்லாத புள்ளி. ஓரம் கலைந்த புள்ளி. ஒரே புள்ளியில் இரண்டு நிறம். வளரும் புள்ளி. "நம்ம மாதிரி நிறம் இருக்கிறவங்களுக்கு இது வெயில் படுற இடத்துல அதிகமா வராது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடியில. யாரும் பார்க்காத இடம். நாமதான் பார்ப்போம். பார்த்தா யோசிக்காதீங்க, அனுப்புங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கண்டக்டர் அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினார். உள்ளங்கால் என்பதன் கீழே கோடுகூடப் போட்டார். அவருக்கு முழங்கால் மடங்காது. தன் உள்ளங்காலைப் பார்த்தே பல வருடம் ஆயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு பயிற்சி. குப்புறப் படுத்துக்கொண்டு, விளையாட்டாக, "காலேஜு, என் முதுகுல ஏதாவது இருக்கா பாரு. எனக்குச் சொல்ல ஆளு இல்ல" என்றார்.

முதுகைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

"ஒண்ணுமில்லக்கா. சுத்தமா இருக்கு."

முதுகில் ஒன்றுமில்லைதான்.

மார்ச் 21

இருபத்தெட்டு மணி நேரம் முடிந்திருக்கிறது. இன்னும் முப்பத்திரண்டு. மே பதினைந்தில் முடியும். முடிந்த அன்றே சொல்லிவிடலாம். எட்டு வாரம். எட்டு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? நீ யாரு சொல்றதுக்கு?

மார்ச் 27

போர்வையை மடிப்பது எப்படி என்று முதல் வாரமே கற்றோம். வேலை செய்யும் இடம் மட்டும் திறந்திருக்க வேண்டும், மற்றதெல்லாம் மூடியிருக்க வேண்டும். மானத்துக்காக, குளிருக்காக. நான் இப்போது அவர் குதிகாலை மூடிவிட்டுக் கெண்டைக்காலில் தொடங்குகிறேன். எவ்வளவு நேர்த்தியாக மடிக்கிறேன் என்று சிஸ்டர் வகுப்புக்கே காட்டினார்.

ஏப்ரல் 3

எழுத ஒன்றுமில்லை. கறை.

ஏப்ரல் 14, திங்கள்

போர்வையில் ரத்தம். குதிகால் இருந்த இடத்தில், ஒரு பொட்டு அளவு.

அக்கா பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார், டிக்கெட் வாங்காமல் செத்தவன்போல் நடித்த ஒருவனைப் பற்றி. நான் ஒரு கையை அவர் முழங்காலில் வைத்துக்கொண்டே சிஸ்டரைக் கூப்பிட்டேன்.  மறுபடி கூப்பிட்டேன்.

சிஸ்டர் போர்வையை விலக்கினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "அம்மா, குதிகால்ல ஒரு புள்ளி இருக்கு. டாக்டர் பார்க்கணும். நாளைக்கே" என்றார். அக்கா தலையைத் தூக்கி, "பித்தவெடிப்பா இருக்கும் சிஸ்டர்" என்றார். "இருக்கலாம். டாக்டர் சொல்லட்டும்."

எல்லாரும் போனபின் என் தாள்களை விரித்துப்போட்டார். பதினாறு தாள். பன்னிரண்டில் கறை.

"துடைச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"போச்சா?"

"போகல."

"அப்புறமும் கறைன்னு எழுதினே."

 அவர் ஒவ்வொரு தாளிலும் இருந்த தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் இதுல பங்கு இருக்கு. அதை நான் பார்த்துக்கறேன். உன் பங்கை நீதான் அவங்ககிட்டச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லாம இருந்தா என் வகுப்புக்கு வராதே."

ஏப்ரல் 15

மருத்துவமனைக்கு அக்காவோடு நானும் போனேன். துணைக்கு ஆள் இல்லை என்று அவரே கேட்டார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். "உட்கார்ந்தா வண்டி எனக்கு ஓடுற மாதிரியே இல்ல."

டாக்டர் சின்னப் பெண். குதிகாலைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எப்போல இருந்து இருக்கு?"

"நேத்துதான் தெரிஞ்சதுமா."

டாக்டர் அதை எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பையில் தாள்கள் இருந்தன. அவள் எழுதி முடிக்கும்வரை, பேனாவை மூடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், "காலேஜு, உன் முகம் ஏன் எனக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு?" என்றார்.

ஏப்ரல் 16

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்றால்கூட வயிற்றுக்காக என்று சொல்லலாம். நான் ஓர் அறைக்காக. ஒரு தாழ்ப்பாளுக்காக.

சொல்லிடு. நாளைக்குப் போய்ச் சொல்லிடு. சொன்னா என்ன ஆகும்? அடிப்பாங்களா? அடிச்சா நல்லது.

ஏப்ரல் 24, வியாழன்

முடிவு வந்துவிட்டது. புற்று. டாக்டர் அந்தச் சொல்லை ஒருமுறைதான் சொன்னாள். பிறகு 'இது' என்றே பேசினாள். இது ஆழமாகப் போயிருக்கிறது, இதை எடுக்க வேண்டும், தொடை இடுக்கில் இது பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளியே நீளமான பெஞ்சு. அக்கா காலை நீட்டி உட்கார்ந்தார். நான் பையில் இருந்து தாள்களை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பேசத் தெரியவில்லை, அதனால் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பஸ் பாஸில் தேதி பார்ப்பவர் பார்ப்பதுபோல, மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை.

"பிப்ரவரி பதினேழு" என்றார்.

"ஆமாக்கா."

"அன்னைக்குத் துடைச்சியே. சாயமான்னு கேட்டே."

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"கறை இல்லைன்னு தெரியும். என்னன்னு தெரியாது. தோல் பாடம் நடந்த அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு."

"முதுகுல ஒண்ணுமில்லன்னு சொன்னியே, அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்."

தாள்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சமமாக்கி, என்னிடம் கொடுத்தார். "எதுக்கு?"

அறையைப் பற்றிச் சொன்னேன். அறுபது மணி நேரத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே கேட்டது.

"கேட்டிருந்தா என் வீட்டுலயே ஒரு ரூம் சும்மாக் கிடக்கு" என்றார் அக்கா.

பிறகு, "நீ போ. நான் அடுத்த பஸ்ஸுல வர்றேன்."

ஏப்ரல் 25

டாக்டரிடம் தனியாகப் போய்த் தேதியைச் சொன்னேன். சரியான தேதி அக்காவின் கோப்பில் இருக்கட்டும். பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள். எட்டு வாரம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். "ஒண்ணும் மாறியிருக்காதுன்னு சொல்ல முடியாது. மாறியிருக்கும்னும் சொல்ல முடியாது."

இதோடுதான் இனி இருக்க வேண்டும் போலிருக்கிறது. ஆம் என்றும் இல்லை என்றும் ஒருவரும் சொல்லப்போவதில்லை.

மே 6

அறுவை சிகிச்சை முடிந்தது. குதிகாலில் ஒரு கையகலம் எடுத்துத் தொடைத் தோலை ஒட்டியிருக்கிறார்கள். இடுக்கில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். இரண்டில் புற்று இருந்ததாம். எல்லாம் சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். வார்டு வாசல்வரை போனேன். "அவங்க உங்களை உள்ள விடவேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்றாள் நர்ஸ். கொண்டுபோன பழத்தை அவளும் வாங்கிக்கொள்ளவில்லை.

மே 15

அறுபது மணி நேரம் முடியவேண்டிய நாள். அண்ணி கேட்டாள், "பரீட்சை எப்போ?" ஜோடி போய்விட்டது, பரீட்சை இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியை நிறுத்தினாள். அந்த வீட்டுக்கு வந்தபின் முதல் தடவை.  கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டாள்.

ஜூன் 2

முதியோர் இல்லத்து அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டாளாம். எங்கள் வகுப்புப் பெண்தான், எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டவள். வருத்தப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 19

கண்டக்டர் அக்காவிடம் இருந்து போன்.

"காலேஜு, முடிச்சு எடுத்ததுல கால் வீங்கிப்போச்சு. யானைக்கால் மாதிரி. ஆஸ்பத்திரியில தினமும் லேசாத் தடவிவிடணும்கிறாங்க. சொல்லித் தருவாங்களாம், கத்துக்க ஒரு ஆள் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"நான் வரவா?"

"உன்னைத் தவிர என் கால் யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு, "ஒண்ணு சொல்லிடறேன். மன்னிப்புக் கின்னிப்புன்னு ஆரம்பிச்சா திரும்பிப் போயிடு. எனக்கு அதுக்குத் தெம்பில்ல."

ஜூன் 23, திங்கள்

மருத்துவமனைச் சிகிச்சையாளர் காட்டிக்கொடுத்தார். இதுவரை கற்றதற்கு நேர் எதிர். எண்ணெய் கிடையாது. அழுத்தம் கிடையாது. தசையைத் தொடாதே, தோலை மட்டும் ஒரு காசு அகலம் நகர்த்து, விடு. முதலில் மேலே, கடைசியில்தான் கீழே, அடைத்த வழியை மேலிருந்து திறப்பதுபோல. என் கை கனமாக இருக்கிறது என்றார். மறுபடி செய்தேன். இன்னும் கனம் என்றார்.

ஜூலை 10

தினமும் காலை ஒன்பதுக்குப் போகிறேன். அக்கா அதிகம் பேசுவதில்லை. நகைச்சுவை ஊசிபோல் எப்போதாவது வருகிறது. இன்று, "நீ தொடுறது எனக்குத் தெரியவே இல்லை. ஈ உட்கார்ந்தாக்கூடத் தெரியும்" என்றார். அதுதான் சரியான அளவு. சும்மாக் கிடக்கும் அறையின் கதவு மூடியே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தொடையை முடித்துக் கீழே வந்தேன். காலைச் சற்றுத் தூக்கியபோது, முழங்காலின் பின்பக்கம், சற்று உள்ளே தள்ளி, இரண்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. கெட்டியாக இருந்தன. நீலம் கலந்த கறுப்பு. சனிக்கிழமை இவை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை.

கை அங்கேயே இருந்தது. எடுக்கவில்லை.

"அக்கா, முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டு வந்திருக்கு. புதுசு. சனிக்கிழமை இல்ல."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "எவ்வளவு பெருசு?"

சொன்னேன்.

"என்ன நிறம்?"

அதையும் சொன்னேன்.

எழுந்து உட்கார்ந்தார். நல்ல காலைத் தரையில் ஊன்றி, வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். "செருப்பை எடு. பத்தேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு."

பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறினார். கம்பியைப் பிடித்தவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தார்.